தோற்றுப்போன குருவும் கிருபையின் பங்கும்

திருச்சபை ஊழியத்தை எந்த அளவுகோலால் அளப்பது என்னும் கேள்வி புதியதன்று. ஆண்டுதோறும் சேகரங்களிலிருந்து வரும் அறிக்கைகளை நாம் படிக்கிறோம். ஞானஸ்நானம் பெற்றோர் தொகை, திடப்படுத்தல் பெற்றோர் தொகை, காணிக்கை வரவு, கட்டி முடிக்கப்பட்ட ஆலயங்கள், நடந்தேறிய கூட்டங்கள் ஆகியவை அவற்றில் வரிசையாக இடம்பெறுகின்றன. இவை தேவையற்றவை என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் இந்தக் கட்டங்களில் எதிலுமே எழுதுவதற்கு ஒன்றுமில்லாத ஓர் ஊழியர் இருப்பாரானால், அவரைப்பற்றி நாம் என்ன சொல்வோம்? தோற்றார் என்று சொல்லி மாற்றல் ஆணை அனுப்புவோமா? அல்லது நம் அளவுகோலையே ஒருமுறை திரும்பப் பார்ப்போமா?

இக்கேள்வியைக் கூர்மையாக நம்முன் வைக்கும் நாவல் ஒன்று உண்டு. பிரெஞ்சு எழுத்தாளரான ஜார்ஜ் பெர்னனோஸ் 1936-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஒரு நாட்டுப்புறக் குருவானவரின் நாட்குறிப்பு' என்பதே அது. அவ்வாண்டிலேயே பிரெஞ்சுக் கழகத்தின் நாவல் பரிசு அதற்குக் கிடைத்தது. 1951-ஆம் ஆண்டில் ராபர்ட் ப்ரெஸ்ஸோன் அதைத் திரைப்படமாக்கினார். கத்தோலிக்கப் பங்கு ஒன்றின் வாழ்வை உள்ளிருந்து காட்டும் இந்நூல், சீர்திருத்தச் சபையினராகிய நமக்கு எதைக் கற்பிக்கிறது, எவ்விடத்தில் நாம் அதனோடு வாதிடவேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. நாவலும் ஆசிரியரும்

பெர்னனோஸ் 1888-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் பிறந்து 1948-ஆம் ஆண்டில் மறைந்தார். அவருடைய இளமைக் காலத்தின் ஒரு பகுதி வடபிரான்சின் ஆர்த்துவா பகுதியிலுள்ள ஃப்ரெஸேன் என்னும் சிற்றூரில் கழிந்தது. மழையும் சேறும் மூடுபனியும் நிறைந்த அந்த நிலமே அவருடைய கதைகள் பலவற்றுக்குக் களமாயிற்று. முதலாம் உலகப் போரில் போர்வீரராக இருந்தவர். ஆறு பிள்ளைகளின் தந்தை. எழுத்து வருவாயை நம்பி வறுமையோடு போராடியவர். அவர் குருவானவர் அல்லர், பொதுநிலையினரே. இதை மறந்துவிடலாகாது. குருத்துவத்தின் அந்தரங்கத்தை எழுதியவர் பீடத்தினருகே நின்றவரல்லர். ஆலயத்தின் வாங்கில் அமர்ந்திருந்தவர்.

கதை எளியது. அம்பிரிகூர் என்னும் கிராமப் பங்குக்கு இளம் குருவானவர் ஒருவர் வருகிறார். அவருடைய பெயரை ஆசிரியர் நமக்குச் சொல்வதில்லை. ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர், உடல் நலிந்தவர், உலக வழக்கு அறியாதவர். வயிறு மற்ற உணவை ஏற்காததால் திராட்சரசத்தில் தோய்த்த ரொட்டியை உண்டு வாழ்கிறார். ஊரார் அவரைக் குடிகாரர் என்கின்றனர். வயிற்றில் இருப்பது புற்றுநோய் என்பது கதையின் இறுதியில்தான் லீல் நகர மருத்துவர் வாயிலாகத் தெரியவருகிறது. சில மாதங்களே நீடித்த ஊழியத்திற்குப்பின் அவர் இறந்துபோகிறார். நாட்குறிப்பின் வடிவில் அமைந்திருப்பதால், அவர் அறிந்த அளவே நாமும் அறிகிறோம். தாம் எவ்வளவு நன்மை செய்தார் என்பதை அவர் அறியார். நாமோ வரிகளுக்கிடையே அதைக் காண்கிறோம். இந்நூலின் கலைச்சிறப்பும் இறையியல் சிறப்பும் இந்த ஓரிடத்தில் ஒன்றாகின்றன.

2. பங்கின் நோய்

நாவலின் தொடக்கத்திலேயே தம் பங்கைப் பிடித்திருக்கும் நோயைக் குருவானவர் கண்டுகொள்கிறார். அது துன்புறுத்தல் அன்று. கள்ளப் போதகமும் அன்று. அது சலிப்பு. புற்றுப்போல் ஓசையின்றிப் பரவி, எவரும் எதையும் உண்மையாக விரும்பாத நிலைக்கு ஊரைக் கொண்டுவந்துவிட்ட ஒரு சோர்வு. பழைய துறவியர் இதனை அசதி என்று அழைத்து, கொடிய பாவங்களுள் ஒன்றாக எண்ணினர்.

இச்சோர்வு எவ்வாறு வெளிப்படுகிறது என்பதை ஆசிரியர் சிறு நிகழ்ச்சிகளால் காட்டுகிறார். மனைவியை அடக்கம்பண்ண வந்த முதியவர் ஒருவர் அடக்கச் செலவைக் குறித்துக் குருவானவரிடம் வழக்காடுகிறார். திவ்விய நற்கருணை பற்றிய மறைக்கல்வி வகுப்பில் மிகத் தெளிவாக விடை சொல்லும் சிறுமி செராஃபித்தா, தன் ஆசிரியரைக் கேலி செய்வதற்காகவே அவ்வாறு செய்தாள் என்று பின்னர் தெரிகிறது. தவறாமல் திருப்பலிக்கு வரும் பிரபு வீட்டு ஆசிரியையே, ஊரைவிட்டுப் போய்விடும்படி குருவானவருக்குப் பெயரில்லாக் கடிதம் எழுதியவள் என்பதை அவளுடைய ஜெபப்புத்தகத்திலுள்ள கையெழுத்து காட்டிக்கொடுக்கிறது. ஆலயத்துக்கு வருகிறவர்களின் எண்ணிக்கை ஒரு சபையின் நலத்துக்குச் சான்றாகாது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. வருகைப் பதிவேட்டில் அந்த ஆசிரியைக்குக் குறைவில்லாத மதிப்பெண் கிடைத்திருக்கும்.

ஊழியரோ நம்மில் எவரும் செய்யக்கூடியவற்றையே செய்து பார்க்கிறார். ஒவ்வொரு குடும்பத்தையும் முறையாகச் சந்திக்கத் திட்டமிடுகிறார். இளைஞருக்கென ஏதேனும் தொடங்க எண்ணுகிறார். திட்டங்கள் ஒன்றும் பலிக்கவில்லை. அவருக்கு அறிவுரை கூறும் மூத்த குருவானவராகிய தோர்சி ஊர்ப் பங்குத்தந்தை நாவலின் மிகச் சிறந்த பாத்திரங்களுள் ஒருவர். திடகாத்திரமானவர், திருச்சபைக்கு ஒழுங்கு வேண்டும் என்பவர், ஆயினும் உள்ளத்தில் ஏழைகளின் காயத்தைச் சுமப்பவர். தொழிலாளர் நிலைபற்றி 1891-ஆம் ஆண்டில் போப்பு பதின்மூன்றாம் லியோ விடுத்த சுற்றுமடல் தம் இளமையில் தம்மை எவ்வளவு உலுக்கியது என்பதையும், அதைப் பிரசங்கித்ததால் தமக்கு நேர்ந்ததையும் அவர் நினைவுகூர்கிறார். சலிப்புற்ற பங்குக்குப் பின்னால் நீதியற்ற சமுதாயம் ஒன்று நிற்கிறது என்பதை ஆசிரியர் மறக்கவில்லை. ஆயினும் அந்த இழையை அவர் இறுதிவரை நெய்து முடிக்கவுமில்லை. இக்குறையைப் பின்னர் எடுத்துக்கொள்வோம்.

3. உணர்ச்சியற்ற விசுவாசம்

நாவலின் நடுவில் குருவானவரால் ஜெபிக்க முடியாமற்போகிறது. இரவுகள் நீளுகின்றன. தேவன் இல்லை என்று அவர் முடிவுசெய்வதில்லை. தேவன் விலகிப்போனார் என்று உணர்கிறார். அவருக்குத் துணையாயிருக்கக்கூடிய மருத்துவர் தெல்பெந்த் துப்பாக்கிக் குண்டினால் இறந்து கிடக்கிறார். அது தற்கொலையோ என்னும் ஐயம் இளம் குருவை வாட்டுகிறது.

இங்கே விசுவாசம் என்பது என்ன? நம் எழுப்புதல் மரபிலே வளர்ந்தவர்கள் விசுவாசத்தை உள்ளத்தின் அனலோடு ஒன்றாக எண்ணிப் பழகியிருக்கிறோம். பெர்னனோஸ் அந்த அனலை முற்றிலும் எடுத்துவிட்டு, மீதி என்ன இருக்கிறது என்று பார்க்கிறார். மீதியிருப்பது கடமை மட்டுமன்று. அடுத்த மனிதனிடம் செல்லும்படி ஒருவரை எழுப்பிவிடும் பிடிமானம் ஒன்று மீதியிருக்கிறது. தோர்சியின் பங்குத்தந்தை, சுவிசேஷக் காட்சிகளில் ஏதோ ஒன்றில் நம் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு என்று கருதுகிறவர். தம் இடம் கெத்செமனே தோட்டம் என்பதை இளம் குரு உணர்ந்து கண்ணீர்விடும் பகுதி இந்நூலின் திறவுகோல் எனலாம். அந்தத் தோட்டத்தில் இருப்பவர் விசுவாசத்தை இழந்தவரல்லர். விசுவாசத்தின் கடைசி எல்லையில் நிற்பவர்.

லூத்தர் இதனைச் சோதனை என்றே அழைத்து, இறையியலாளனை உருவாக்கும் மூன்றில் ஒன்றாக, ஜெபத்தோடும் தியானத்தோடும் சேர்த்து வைத்தார் என்பதை நம் மாணவர் அறிவர். கத்தோலிக்க நாவலாசிரியர் ஒருவர் நம்மை நம் மூதாதையரிடமே திருப்பி அனுப்புகிறார்.

4. துணிவு என்பது யாது?

நாவலின் உச்சம், பிரபுவின் மனைவியைக் குருவானவர் சந்திக்கும் நெடிய காட்சி. மகனைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்த அப்பெண்மணி, அன்றுமுதல் தேவனை மன்னிக்கவில்லை. கணவனின் ஒழுக்கக்கேட்டையும் மகள் ஷாந்தாலின் வெறுப்பையும் சகித்துக்கொண்டு, வெளியே ஒழுங்கான கத்தோலிக்கராகவே வாழ்கிறார். ஏழை வீட்டில் பிறந்த நோயாளியான இளைஞர், அரண்மனை போன்ற அந்த மாளிகையில் அவருக்கு எதிரே நின்று, அவருடைய துக்கமே அவருடைய சிறைச்சாலையாகிவிட்டது என்று சொல்கிறார். நரகத்தை நெருப்பாக அவர் வருணிப்பதில்லை. நேசிக்க இயலாமற்போகும் நிலையாக விளக்குகிறார். இறுதியில் கர்த்தருடைய ஜெபத்தின் இரண்டாம் விண்ணப்பத்தை அந்தத் தாய் தம் வாயால் சொல்கிறார். பின்னர், இறந்த குழந்தையின் நினைவுச் சின்னம் அடங்கிய பதக்கத்தைத் தீயில் எறிகிறார். குருவானவர் உடனே தீக்குள் கைவிட்டு அதை எடுக்க முயல்கிறார். அவர் கை வெந்துபோகிறது. அன்றிரவே அப்பெண்மணி இறந்துவிடுகிறார். தாம் சமாதானம் பெற்றதை எழுதிய கடிதம் குருவானவரின் கையில் இருக்கிறது.

நாம் ஆயர் பணி கற்பிக்கிறவர்கள் என்ற முறையில் இக்காட்சியைக் கண்மூடிப் பாராட்டிவிட முடியாது. துயரத்திலிருக்கும் தாயிடம் இவ்வளவு கடுமையாகப் பேசலாமா? இன்றைய ஆலோசனைப் பயிற்சியில் எந்த ஆசிரியரும் இதை மாதிரியாகக் காட்டமாட்டார். இம்முறையைப் பின்பற்றும் அனுபவமற்ற போதகர்கள் பலரைக் காயப்படுத்தக்கூடும். இந்த ஆட்சேபம் நியாயமானதே. ஆயினும் காட்சியைத் தம் கையாலேயே நியாயந்தீர்க்கும் ஒரு செயலை ஆசிரியர் வைத்திருக்கிறார். அப்பெண்மணி பதக்கத்தை எறிந்தபோது, பலி செலுத்தப்பட்டது என்று குருவானவர் மகிழவில்லை. தீக்குள் கையை விடுகிறார். தாயிடமிருந்து பிள்ளையின் நினைவைப் பறிப்பவராகத் தேவனை எண்ணியிருந்த அத்தாய்க்கு, வெந்த அந்தக் கையே பிரசங்கமாகிறது. கடுஞ்சொல் நியாயப்பிரமாணம் எனில், வெந்த கை சுவிசேஷம். இரண்டில் முன்னதை மட்டும் கற்றுக்கொள்ளும் போதகர் இக்காட்சியைப் படிக்காமலிருப்பதே நலம்.

இதைவிடப் பெரிய துணிவு பின்னர் வருகிறது. உரையாடலை ஒளிந்து கேட்ட ஷாந்தால் அதைத் திரித்துப் பரப்புகிறாள். அப்பெண்மணியின் சாவுக்கே குருவானவர் காரணம் என்னும் பேச்சு எழுகிறது. கடிதத்தை எடுத்துக் காட்டினால் பழி நீங்கும். அவர் காட்டவில்லை. ஒருவரின் ஆத்துமாவில் நடந்ததைத் தம் நற்பெயருக்குச் சாட்சியாக அவர் பயன்படுத்த மறுக்கிறார். சாட்சிக் கூட்டங்களிலும் செய்தி மடல்களிலும் பிறருடைய மனமாற்றங்களை நம் ஊழியத்தின் கணக்கில் எழுதிக்கொள்ளும் நமக்கு இந்த மௌனம் ஒரு கடிந்துரை.

ஆசிரியரின் சொந்தத் துணிவைப்பற்றியும் ஒரு சொல் தேவை. இந்நாவல் வெளிவந்த காலத்தில் அவர் மயோர்க்காத் தீவில் குடியிருந்தார். அவ்வாண்டு ஸ்பெயின் உள்நாட்டுப் போர் மூண்டது. முதலில் தேசியவாதிகளின் பக்கம் சாய்ந்திருந்த அவர், அவர்கள் தீவில் நடத்திய கொலைகளையும், திருச்சபைத் தலைவர்கள் அதற்கு ஆசி வழங்கியதையும் கண்ணாரக் கண்டு, 1938-இல் தம் சொந்த அணியினரையே சாடி நூல் எழுதினார். அதே ஆசிரியர் 1931-இல் யூத வெறுப்பைப் பரப்பிய ஒருவரைப் புகழ்ந்து நூல் எழுதியவர் என்பதையும் நாம் மறைக்கலாகாது. அந்தக் கறை உண்மையானது. கிருபையைப்பற்றி ஆழமாக எழுதுகிற கை, பிறிதொரு நாள் அண்டை வீட்டாரை இகழ்ந்தும் எழுதியிருக்கக்கூடும். இது நம்மையும் எச்சரிக்கிறது.

5. சபை எங்கே?

இனி நாம் வாதிடவேண்டிய இடத்துக்கு வருவோம். இது ஒரு பங்கைப்பற்றிய நாவல். ஆனால் பங்கு மக்கள் ஒன்றுகூடி எதையேனும் செய்யும் காட்சி இதில் ஏறக்குறைய இல்லை. குருவும் பிரபுவின் மனைவியும், குருவும் ஷாந்தாலும், குருவும் மருத்துவரும் என எல்லாம் இருவர் சந்திப்புகளே. திருப்பலி நடைபெறுகிறது, ஆனால் ஒரே அப்பத்தில் பங்குபெறும் ஒரே சரீரமாக மக்கள் நமக்குத் தென்படுவதில்லை. மக்களின் பாவமும் துயரமும் ஒரே மனிதனின் நலிந்த உடலில் குவிக்கப்படுகின்றன. ஆர்ஸ் ஊர்க் குருவாகிய வியான்னியும், குழந்தை இயேசுவின் தெரேசாவும் 1925-இல் புனிதர்களாக அறிவிக்கப்பட்ட சூழ்நிலையில் எழுதப்பட்ட நூலில், பிறருக்காகத் தனியே துன்புறும் ஆத்துமா என்னும் இலட்சியம் மேலோங்கியிருப்பதில் வியப்பில்லை. ஆனால் இதன் விளைவு என்ன? சலிப்பு என்னும் நோய் பொதுவானது. மருந்தோ தனி மனிதருக்கு மட்டுமே கிடைக்கிறது. ஏழைகளின் நீதியைப்பற்றித் தோர்சியின் பங்குத்தந்தை எழுப்பிய கேள்வி, பங்கின் பொதுவாழ்வில் விடைகாணாமலேயே நின்றுவிடுகிறது.

1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையைத் தேவனுடைய மக்கள் என்று முதன்மையாக வரையறுத்தபோது, இக்குறையைக் கத்தோலிக்கத் திருச்சபையே கண்டு திருத்த முனைந்தது. ஆதலால் நாம் பெருமிதத்தோடு சுட்டிக்காட்ட ஒன்றுமில்லை. விசுவாசிகள் அனைவரின் ஆசாரியத்துவத்தை நானூறு ஆண்டுகளுக்கு முன்பே அறிக்கையிட்ட நம் சபைகளில், ஆராதனை முதல் அடக்கம் வரை, கணக்கு முதல் வழக்கு வரை ஒரே மனிதரின் தோளில் ஏற்றப்படுவது ஏன்? அம்பிரிகூர் குருவின் தனிமையை நம் கிராமச் சேகரங்களில் ஊழியம் செய்யும் இளம் போதகர்கள் எளிதில் அடையாளம் கண்டுகொள்வர். அவர் நோயுற்றிருந்தபோது ஊரில் ஒருவரும் அவர் என்ன உண்கிறார் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் குடிகாரர் என்னும் பழி ஒரே நாளில் தீர்ந்திருக்கும். நம் போதகர் என்ன உண்கிறார் என்று நாம் கேட்கிறோமா?

ஆயினும் ஆசிரியருக்கு நீதி செய்யவேண்டும். சபை இல்லாத அந்த ஊரில் சபை பிறக்கும் ஓர் இமைப்பொழுது உண்டு. ஓர் இரவில் குருவானவர் இரத்தம் கக்கி வழியில் விழுந்து கிடக்கிறார். அவரைக் கண்டு, தண்ணீர் கொண்டுவந்து, முகத்தைத் துடைத்துவிடுபவள் அவரைக் கேலி செய்த அதே செராஃபித்தா. மறைக்கல்வி வகுப்பில் அவள் கற்காதது சேற்றுப் பாதையில் செயலாகிறது. ஜெர்மானிய இறையியலாளர் போன்ஹோஃபர் 1939-இல் வெளியிட்ட பொதுவாழ்வு பற்றிய சிறு நூலில், சபையைக் குறித்த நம் கனவுகளே உண்மையான சபைக்குப் பகையாகின்றன என்று வாதிட்டார். இளம் குரு தம் திட்டங்களால் கட்ட விரும்பிய பங்கு உருவாகவில்லை. அவர் விழுந்து கிடந்த இடத்தில், இருவரும் எதிர்பாராத வகையில், அது ஒரு கணம் உருவாயிற்று.

6. இறுதிக் காட்சி

குருவானவர் இறப்பது தம் பங்கில் அன்று. லீல் நகரில், குருத்துவத்தை விட்டு விலகி ஒரு பெண்ணோடு வாழும் பழைய நண்பன் துஃப்ரேட்டியின் எளிய அறையில் அவர் உயிர் பிரிகிறது. அழைக்கப்பட்ட பங்குத்தந்தை வந்துசேரவில்லை. நண்பனிடமே பாவமன்னிப்பின் சொல்லைக் கேட்கிறார் அவர். விலகிப்போனவன் தயங்கி, பின் அதைக் கூறுகிறான். இறுதி அருள்சாதனம் கிடைக்காமற்போகுமே என்று அவன் வருந்தும்போது, இறப்பவர் அவன் காதருகே, எங்கும் எதிலும் கிருபையே என்னும் பொருள்பட ஒரு சொல் சொல்லி அமைதியடைகிறார்.

சாவு நெருங்கிய வேளையில் எந்தக் குருவும், விலகியவரும்கூட, பாவமன்னிப்பு வழங்கலாம் என்பது கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தில் உள்ளதே. ஆதலால் ஆசிரியர் தம் சபையின் எல்லையைத் தாண்டவில்லை. ஆனால் அந்த எல்லையின் விளிம்பில் அவர் நிற்கிறார். அங்கே நாம் அவரைச் சந்திக்கிறோம். 1537-ஆம் ஆண்டின் ஷ்மால்கால்டு விதிகளில் லூத்தர், சுவிசேஷம் நம்மிடம் வரும் வழிகளாகப் பிரசங்கம், ஞானஸ்நானம், திருவிருந்து, திறவுகோல்களின் அதிகாரம் ஆகியவற்றோடு, சகோதரர் ஒருவரோடொருவர் உரையாடித் தேற்றுவதையும் எண்ணினார். துஃப்ரேட்டியின் அறையில் நடந்தது அதுவே. தேற்றப்பட்டவர் ஒருவர் மட்டுமா? தன் அழைப்பைக் கைவிட்டவன் மீண்டும் ஒருமுறை மன்னிப்பின் வாயாக்கப்பட்டான். இறப்பவர் தம் கடைசி வேண்டுகோளாலேயே அவனுக்கு ஊழியம் செய்துவிட்டார்.

அக்காலத்து தொனாத்திஸ்தரோடு அகுஸ்தீன் நடத்திய வாதத்தையும், 1530-ஆம் ஆண்டின் அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் எட்டாம் பிரிவையும் நாம் வகுப்பில் கற்பிக்கிறோம். தகுதியற்ற ஊழியர் வழங்கினாலும் திருவருட்சாதனம் செல்லும் என்பது அதன் சாரம். அதை ஓர் ஒழுங்குவிதியாகவே நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். பெர்னனோஸ் அதை மாம்சமாக்கிக் காட்டுகிறார். தம்மிடம் இல்லாத சமாதானத்தை அந்தத் தாய்க்கு வழங்க முடிந்ததை எண்ணிக் குருவானவர் வியக்கிறார். வெறுங்கையே கொடுக்கும் கையாயிற்று. மண்பாண்டத்தில் வைக்கப்பட்ட பொக்கிஷம் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது இதைத்தான்.

அம்பிரிகூர் பங்கின் ஆண்டறிக்கை எழுதப்பட்டிருந்தால், அதில் சொல்லத்தக்கது ஒன்றுமிராது. மரணத்துக்கு முன் தேவனோடு ஒப்புரவான ஒரு தாய், சேற்றில் மண்டியிட்ட ஒரு சிறுமி, மன்னிப்பை மீண்டும் உச்சரித்த ஒரு விலகிய குரு ஆகியோருக்குரிய கட்டம் எந்த அறிக்கையிலும் இல்லை. நம் போதகர்களின் அறிக்கைகளைப் படிப்பதற்கு முன், அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி நலம் விசாரிக்கும் சபையாக நாம் மாறுவோமானால், இந்த நாவலுக்கு நாம் அளிக்கக்கூடிய தக்க திறனாய்வு அதுவேயாகும்.